நிற்கின்ற வண்டியும் தேய்கிறது

“வண்டி ஓடவே இல்லையே ஹஜ்ரத்! 3,000 கிலோமீட்டருக்கு எதற்குச் சர்வீஸ்?”

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. அவர் மட்டுமல்லர். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் பலரின் எண்ணமும் இதுவே. ஆண்டில் பதினொரு மாதம் கார் கொட்டகையில் நிற்கும். விடுமுறை வந்ததும் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, மனைவி மக்களுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். இதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நாம் இதை அலட்சியம் என்கிறோம்.

காருடன் தரப்பட்ட கையேட்டைத் திறந்து பாருங்கள். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அதுவே கெடு. அந்த மாதக் கணக்கை எவரும் வேடிக்கைக்காக எழுதவில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்து உள்ளே ஆவி உண்டானால், மிதித்த பிரேக் பிடிக்காது. ஆகவேதான் வண்டி ஓடினாலும் நின்றாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றும்படி பல நிறுவனங்கள் கூறுகின்றன. டயரும் அவ்வாறே. அதன் பக்கவாட்டில் தயாரிப்புக் காலம் நான்கு இலக்கங்களில் பதிந்திருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தேயாத டயரிலும் ரப்பர் முதுமை அடைகிறது.

அன்றாடம் ஓட்டுகிறோம் என்போரும் நிம்மதி கொள்ள வேண்டாம். பள்ளிவாசல், கடைத்தெரு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என ஒன்றிரண்டு கிலோமீட்டரில் முடியும் ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. இத்தகைய ஓட்டத்தைக் கடினப் பயன்பாடு என வகுத்து, சர்வீஸ் கெடுவைக் குறைத்துக் கூறும் கையேடுகள் பல. சென்னை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் கணக்கு நம் தெருவில் சுற்றும் வண்டிக்குப் பொருந்தாது. நம் மதரஸா வேனுக்கே இக்கணக்கை நாம் நெடுங்காலம் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இவ்வளவும் சொன்னால், “அல்லாஹ் பாதுகாப்பான்” என்ற பதில் வருகிறது. பாதுகாப்பவன் அவனே, ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கமல்லவா நம்முடையது? பின்கண்ணாடியில் ‘மாஷா அல்லாஹ்’ ஒட்டவும் சீட் கவர் மாற்றவும் கிடைக்கும் பணம் பிரேக் ஆயிலுக்கு மட்டும் எங்கே போயிற்று?

தேவையற்றதையெல்லாம் தலையில் கட்டும் ஒர்க்‌ஷாப்புகளும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு மருந்து சர்வீஸைத் தவிர்ப்பதன்று. கையேட்டைக் காட்டிக் கேளுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பொருள் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விடுமுறை முடிந்து விமானம் ஏறும் சகோதரர்கள், சாவியுடன் அந்த நோட்டையும் வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்லட்டும்.