பார்த்துத் தைக்கலாம், பெயரைச் சொல்லிவிட வேண்டும்



ஓய்வு பெற்ற பிறகு நான் ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குயில்ட், தைக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தையல்கடையில் மிஞ்சும் துண்டுகள், நைந்த பருத்திப் புடவை, பேரனுக்குச் சின்னதாகிப்போன சட்டை எல்லாம் எங்களுக்குச் சொத்து. துண்டுகளை இணைத்து மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட வேண்டும். சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று ஆறு பேர் சனிக்கிழமை மதியம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம்.

போன வருடம் என் அம்மாவின் காஞ்சிப் புடவையில் இருந்த கோபுரக் கரையைப் பார்த்து, போர்வையின் நான்கு பக்கமும் முக்கோணம் முக்கோணமாக வைத்துத் தைத்தேன். ஆறு மாத வேலை. சில வாரத்தில் எங்கள் குரோம்பேட்டைத் தோழி அதே கரையோடு ஒரு போர்வை தைத்து வாட்ஸ்அப்பில் படம் போட்டார். எல்லோரும் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை.

கோபம் வந்தது. இரண்டு சனிக்கிழமை போகவில்லை, கால்வலி என்று சொல்லிவிட்டேன். மகள்தான் கேட்டாள்: "நீ யாரைப் பார்த்தும்மா தைச்சே?" யோசித்தேன். கரை, அந்தப் புடவையை நெய்தவருடையது. நடுவில் வைத்த சதுர அடுக்கு, பெருங்களத்தூர் அக்கா சொல்லிக்கொடுத்தது. நான் மட்டும் யார் பெயரைச் சொன்னேன்?

மூன்றாவது வாரம் போய் நேரிலேயே கேட்டேன். "உங்களுதைப் பார்த்துத்தான் தைச்சேன் டீச்சர். சொல்லணும்னு தோணலை. மார்கழியில பக்கத்து வீட்டுக் கோலத்தை நோட்டுல போட்டுக்கிறோமே, அதுக்கெல்லாம் சொல்றோமா?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம். யாரும் தாழ்ப்பாள் போட்டு வைக்காததால்தான் நம் கோலங்கள் இத்தனை காலம் வந்திருக்கின்றன. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் க்ரோஷே க்வீன்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். அது குயில்ட் அல்ல, கொக்கி ஊசிப் பின்னல். பல பெண்கள் தனித்தனியே பின்னியதைச் சேர்த்து ஒன்றாக்கியது. 'என்னுது, உன்னுது' என்று இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

ஆனால் கோலம் மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்தால் போய்விடும். போர்வை முப்பது வருடம் இருக்கும், இப்போது நல்ல விலைக்கும் போகிறது. அதனால் மற்ற பாதியையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலைத் துணிகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள், 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போயின. 2006-இல் தபால்தலையாகவும் வந்தன. அங்கே 'ஹவுஸ்டாப்' என்று ஒரு டிசைன்: நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அம்மாவைப் பார்த்து மகள், அடுத்த வீட்டைப் பார்த்து இன்னொருத்தி என்று ஊரே தைத்தது. ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றும் தைத்தவரின் பெயரோடுதான் காட்சிக்கு வைக்கப்பட்டது.

என் கருத்து இதுதான். சிநேகிதிகளுக்குள் பார்த்துத் தைக்க அனுமதி வேண்டாம். ஆனால் யாரைப் பார்த்தோம் என்று சொல்லிவிட வேண்டும். விற்பதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டும். பெயரைச் சொல்வதால் நம் உழைப்பு ஒரு தையல்கூடக் குறையாது. சொல்லாமல் விட்டால், ஆறு பேர் கூடுகிற இடத்தில் ஒருத்தி கால்வலி என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். இப்போது எங்கள் போர்வைகளின் பின்பக்க மூலையில் சின்னத் துணி வைத்துத் தைக்கிறோம்: தைத்தவர் பெயர், யாரைப் பார்த்துத் தைத்தது, வருடம்.

என் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. பரீட்சையில் பார்த்து எழுதினால் காட்டியவருக்கும் சேர்த்து சுழி போட்டவள் நான். அதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் தையல் பீரியடில், பக்கத்துப் பெண்ணுடையது போல இருக்கிறது என்று ஒருத்தியின் கைக்குட்டைப் பூவைப் பிரிக்க வைத்தேன். அது தப்பு. "யாரைப் பார்த்தும்மா போட்டே?" என்று கேட்டு, இருவரையும் பாராட்டியிருக்க வேண்டும். அந்தப் பெண் இதைப் படித்தால் டீச்சரை மன்னிக்கட்டும்.

நீங்கள் நன்றாகச் செய்யும் ஒரு வேலையை, சமையலோ தையலோ கோலமோ, யாரைப் பார்த்துக் கற்றீர்கள்? அவர் பெயரைக் கீழே எழுதுங்கள். முடிந்தால் அவருக்கும் இன்றே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்