சென்சார் சொல்லிடும்... தண்ணி வடியுமா?

சென்னை: கருமேகம் திரண்டாலே சென்னைவாசிகளுக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. இந்தப் பயத்தைப் போக்கத்தான் இப்போது தொழில்நுட்பமும் களத்தில் இறங்கி இருக்கிறது.

சாலைகளிலும் சுரங்கப்பாதைகளிலும் மாநகராட்சி சென்சார் கருவிகளை பொருத்தி உள்ளது. தண்ணீர் ஏறினால் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தகவல் போய்விடும். எந்த ஏரியாவில் வெள்ளம் புகும் என்று முன்கூட்டியே கணிக்கும் 'சி-புளோஸ்' அமைப்பை மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2019-ல் கொண்டு வந்தது.

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்? 2015 டிசம்பர் கற்றுக்கொடுத்த பாடம் அப்படி. செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரையோரம் பலருக்கு தண்ணி வீட்டுக்குள் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. சில மணி நேரம் முன்பே தெரிந்திருந்தால் பிள்ளைகுட்டிகளோடு மேட்டுப் பகுதிக்கு போயிருப்பார்கள்.

ஆனால், கருவி தகவல்தான் சொல்லும். தண்ணியை வாரி இறைக்காது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகள் தத்தளித்தன. கடல் கொந்தளித்ததால் முகத்துவாரத்தில் வெள்ளம் சீக்கிரம் வடியவில்லை. தண்ணீரை தாங்க வேண்டிய சதுப்பு நிலமோ குப்பைமேடாலும் கட்டிடங்களாலும் சுருங்கிக் கிடக்கிறது.

வடிகாலில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தால் சென்சாரில் அளவு ஏறிக்கொண்டேதான் போகும். ஆகவே, மழைக்கு முன்பே தூர்வாரணும். எச்சரிக்கை வந்ததும் மோட்டாரும் ஆளும் தெருவுக்கு வரணும். கட்டுப்பாட்டு அறைக்கு வரும் தகவல் குடிசைவாசியின் செல்போனுக்கும் போகணும். அப்போதுதான் செலவழித்த காசுக்கு பலன் கிடைக்கும்.