உப்பளத்திலே ஒரு தூளி!

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். அந்தக் கரையிலே, விடியுமுன்னே பாத்தியிலே இறங்குகிறாள் தமிழச்சி. தலையிலே உப்புக்கூடை, காலிலே உப்புநீர் அரித்த புண்! அவள் பெற்றெடுத்த பிள்ளை எங்கே? கேட்பார் யார்?

பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லையேல் அக்காளின் இடுப்பிலே. அந்த அக்காளும் பள்ளிக்குப் போகவேண்டிய சிறுமிதான். அதுவும் இல்லையேல் வரப்போரத்து ஓலைக் கொட்டகையிலே, பழஞ்சேலையே தூளி. பத்தடி தள்ளி உப்புநீர்த் தேக்கம்; தவழும் குழந்தைக்கு அது கடல்! அங்கன்வாடி உண்டே என்பர். உண்டு. அது திறப்பதற்குள் அளத்திலே பாதி வேலை முடிந்துவிடும். கைக்குழந்தையை வைத்துக்கொள்ள அங்கே இடமுமில்லை.

ஏழையின் தலைவிதி என்று வேதாந்தம் பேசுவோர்க்குச் சட்டத்தைக் காட்டுகிறோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் உழைக்குமிடத்திலே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறை. பிள்ளை வளர்ப்பிலே பயிற்சி பெற்ற பெண் பொறுப்பாளர். 1976இலே அந்த 50, 30 ஆயிற்று. உப்பளம் திறந்தவெளி, அது தொழிற்சாலையா என்று வாதாடிப் பார்த்தார்கள் முதலாளிகள். பம்பாய் உப்பள வழக்கிலே 1961இல் உச்சநீதிமன்றம் சொன்னது: கடல்நீரை உப்பாக்குவதும் உற்பத்தியே, உப்பளமும் தொழிற்சாலையே!

தீர்ப்பு வந்தது, தொட்டில் வந்ததா?

2025 நவம்பர் 21 முதல் டில்லியின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மின்விசையின்றி நடக்குமிடம் 20 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது, 40 ஆயிற்று. மின்விசை இருந்தால் 10 என்றிருந்தது, 20 ஆயிற்று. காப்பகத்துக்கு ஆணும் பெண்ணுமாக 50 பேர். ஆணையும் எண்ணுவது நல்லதே, மறுக்கவில்லை. ஆனால் சின்னஞ்சிறு குத்தகையாக வெட்டப்பட்ட அளத்திலே, பதிவேட்டில் பெயரேறாத நாட்கூலிகளை எண்ணுவது யார்? ஆய்வாளரின் பெயரைக்கூட ‘ஆய்வாளரும் வசதி செய்பவரும்’ என்று நீட்டிவிட்டார்கள். யாருக்கு வசதி?

சிறு குத்தகைதாரன் எங்கே போவான் என்பர். அதே சட்டமே வழி சொல்கிறது: பல நிறுவனங்கள் பணம் சேர்த்துப் பொதுக் காப்பகம் நடத்தலாம், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்த்து வரலாம். காப்பகம் என்று பெயர்ப்பலகை தொங்கவிட்டு ஓலைக் கொட்டகையைக் காட்டினால் ஏற்கமாட்டோம். 2004 சூலை 16, குடந்தைப் பள்ளியிலே கூரை தீப்பற்றி 94 பிஞ்சுகள் கருகின. அனுமதித் தாள் மட்டும் கோப்பிலே இருந்தால் என்ன பயன்?

1920இலே நீதிக்கட்சித் தியாகராயர் தலைமையிலே சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியிலே பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி தந்தது. ஓரணாவிலே முடிந்தது இன்று முடியாதா?

உப்பு, அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலிலே 58ஆம் இனம். உப்புத்துறை நிலத்தைக் குத்தகைக்கு விடும் டில்லி, ‘காப்பகம் உண்டு’ என்பதையும் குத்தகை நிபந்தனையிலே சேர்க்கட்டும். தொழிற்சாலை ஆய்வு மாநிலத்தின் கையிலே. அதிகாரிகள் அளத்து வரப்பிலே நடந்து பார்க்கட்டும்.

மரக்காணத் தோழர்களுக்கு ஒரு வேலை: அளத்துக்கு அளம் எத்தனை பேர் உழைக்கிறார்கள், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, பதிவேட்டிலே எத்தனை பெயர் என்று கணக்கெடுத்து அனுப்புங்கள். மழை பிடித்து அளம் மூடுவதற்குள் அது நம் கைக்கு வரவேண்டும்.