சாமி ஃபார்ஹா காதில் தொங்கும் குணுக்கு

2003 மே மாதம் லாஸ் வேகாஸில் ஆடின ஒரே ஒரு சீட்டுக்கு இன்னிக்கும் பஞ்சாயத்து ஓயலை. யூடியூபில் அந்த வீடியோவைப் பார்க்கிற முக்கால்வாசிப் பேர் சொல்றது இதுதான்: "இதுக்குப் போயா ஒரு பெரிய ஆட்டக்காரன் ஸ்கூட் விடுவான்?" என் கட்சி வேற. ஃபார்ஹா அன்னிக்குச் செஞ்சது நியாயமான காரியம்தான். முடிவு தெரிஞ்சுக்கிட்டு நாம பேசறதுதான் அநியாயம்.

போக்கர் தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில், அஞ்சு சீட்டு மேசை நடுவில் எல்லாருக்கும் பொது. பிடிக்கலைன்னா நம்ம ரம்மி மாதிரி ஸ்கூட் விட்டுடலாம். ஆனா அதுவரை போட்ட காசு போனதுதான்.

இப்ப மேட்டருக்கு வருவோம். உலகப் போக்கர் போட்டி, கடைசி ரெண்டு பேர். ஒருத்தர் லெபனானில் பிறந்த சாமி ஃபார்ஹா, தொழில்முறை ஆட்டக்காரர். இன்னொருத்தர் டென்னசி மாநிலத்துக்காரர் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பேரே அதுதாங்க!), 27 வயசு அக்கவுண்டண்ட். பத்தாயிரம் டாலர் கட்டி ஆட வேண்டிய போட்டிக்கு, இணையத்தில் 86 டாலர் ஆட்டத்தில் ஆரம்பிச்சு ஜெயிச்சு வந்தவர். மொத்தம் 839 பேர் ஆடினாங்க. முதல் பரிசு 25 லட்சம் டாலர், ரெண்டாம் பரிசு 13 லட்சம்.

ஃபார்ஹா கையில் இஸ்பேட் ராணி, ஆட்டின் ஒன்பது. மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜா, ஆட்டின் ஏழு. நடுவில் விழுந்த முதல் நாலு சீட்டு: இஸ்பேட் 9, டைமண்ட் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8. ஃபார்ஹாவுக்கு ஒன்பது ஜோடி. மணிமேக்கருக்கு ஒண்ணும் சேரலை, ஆனா இன்னொரு இஸ்பேட் விழுந்தா ஃப்ளஷ், அஞ்சோ பத்தோ விழுந்தா வரிசை. ஃபார்ஹா 3 லட்சம் சிப்ஸ் கட்டினார். இவர் அதை 8 லட்சமா ஏத்தினார். ஃபார்ஹாவும் ஈடு கொடுத்தார். அஞ்சாவது சீட்டு ஆட்டின் 3. மணிமேக்கர் கையில் கடைசிவரை வெறுங்காத்து. இருந்தும் எல்லா சிப்ஸையும் நடுவில் தள்ளிட்டு உட்கார்ந்துட்டார்.

ஃபார்ஹா யோசிச்சார். ஃப்ளஷ் வராம போச்சோன்னு வாய்விட்டுக் கேட்டும் பார்த்தார். எதிராளி அசையலை. ஜெயிக்க வேண்டிய சீட்டை ஸ்கூட் விட்டார்.

அவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்க. கையில் இருக்கிறது ஒரே ஒரு ஜோடி. எதிராளி நிஜமா ஏதாவது வெச்சிருந்தா, அது ஃப்ளஷோ வரிசையோ ரெண்டு ஜோடியோ, ஒன்பது ஜோடி காலி. அவன் பொய் சொன்னா மட்டும்தான் இது ஜெயிக்கும். ஆக, கேள்வி சீட்டைப் பத்தினது இல்லை, ஆளைப் பத்தினது. முதல் தடவை வந்து உட்கார்ந்த அக்கவுண்டண்ட், இவ்வளவு பெரிய பரிசு கண் முன்னாடி இருக்கும்போது, வெறுங்கையோட அத்தனையையும் தள்ளுவானா? பத்தில் எட்டு பேர் "தள்ள மாட்டான்"னுதான் சொல்லுவோம். ஈடு கொடுத்துத் தோத்தா ஃபார்ஹாவுக்கு ஆட்டமே முடிஞ்சது. விட்டுட்டா, தன் அனுபவத்தை நம்பி இன்னொரு நல்ல கைக்குக் காத்திருக்கலாம்.

எதிர்க்கட்சிக்கு ஒரு பலமான வாதம் இருக்கு. ஃப்ளஷ் வரலைன்னு அவரே சரியா ஊகிச்சாரே, பிறகு ஏன் விட்டார்? சரிதான். ஆனா சந்தேகம் வர்றது வேற, அந்தச் சந்தேகத்தின் மேல சொத்தையே கட்டறது வேற.

இதைவிட முக்கியமான சாட்சி கடைசி ஆட்டம். அதில் ஃபார்ஹாவுக்கு ஜாக்கி ஜோடி, மேசையில் அதுதான் பெரிய ஜோடி. இந்தத் தடவை விடலை, எல்லாத்தையும் தள்ளினார். மணிமேக்கர்கிட்ட அஞ்சும் நாலுமா ரெண்டு ஜோடி, கடைசியில் ஃபுல் ஹவுஸே ஆகிப்போச்சு. ஆட்டம் குளோஸ். ஒரு தடவை விட்டுத் தோத்தார், ஒரு தடவை விடாமல் தோத்தார். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா அந்த மனுஷனை முட்டாள்னு சொல்ல வாய் வருமா?

இத்தனை பஞ்சாயத்துக்கும் காரணம், கையில் இருக்கிற சீட்டை நமக்குக் காட்டுற கேமரா. அதைக் கண்டுபிடிச்சவர் ஹென்றி ஓரன்ஸ்டீன், நாஜி வதைமுகாம்களில் உயிர் பிழைச்சு அமெரிக்கா வந்து பொம்மைத் தொழிலில் ஜெயிச்சவர்.

ஆனா நம்ம பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் அந்தக் கேமரா எப்பவோ வந்தாச்சு :-) 1956-ல் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுப் பக்கம் போய் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்னாலும், இருபத்தெட்டு ஆட்டம் கோட்டுக்கு ரெண்டு பக்கமும்தான். ஜாக்கிக்கு மூணு, ஒன்பதுக்கு ரெண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒண்ணு ஒண்ணு, ஆக மொத்தம் இருபத்தெட்டு. துருப்பு கவிழ்த்து வெச்சிருக்கும். ஆடுறது நாலு பேர், பின்னாடி சுத்தி வந்து நாலு கையையும் பார்க்கிறது எட்டு பேர். ஆட்டம் முடிஞ்சதும் "துருப்பு அவன்கிட்ட இல்லேன்னு தெரியாதா ஓய்?"னு கேட்கிறது அந்த எட்டு பேர்தான். தோத்தவன் காதில் குணுக்கு ஏறும். ஊரில் அடுத்த ஆட்டம் ஜெயிச்சா கழட்டிடலாம். பாவம் ஃபார்ஹா, இருபது வருஷத்துக்கு மேலா மாட்டிக்கிட்டிருக்கார்.

வெளியூர் வந்த நம்ம குடும்பங்களில் இந்தக் குணுக்கு நிறைய காதுகளில் தொங்குது. விசாவுக்குக் காசு வேணும்னு ரப்பர் தோட்டத்தை வித்தவரை, கழக்கூட்டம்-காரோடு பைபாஸ் வந்தப்புறம் "வித்துட்டானே"ன்னு பேசுவாங்க. விக்காம இருந்திருந்தா பிள்ளைங்க படிச்சிருக்குமான்னு யாரும் கேட்க மாட்டாங்க. ஊரோட தங்கினவரைப் பார்த்து "அப்பவே கிளம்பியிருக்கலாம்"பாங்க. இதைச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைங்க காதுபடப் பேசறோம். முடிவெடுத்தவரைவிட வேடிக்கை பார்த்தவரே புத்திசாலின்னு அதுங்க கத்துக்குது.

இதோட மறுபக்கம் இன்னும் ஆபத்து. விட்டவன் முட்டாள்னா, தள்ளினவன் மேதைன்னு ஆகிடும். மணிமேக்கர் ஜெயிச்ச மறுவருஷம் 2,576 பேர் ஆட வந்தாங்க, 2006-ல் 8,773 பேர். ஜெயிச்ச படம் ஊரெல்லாம் ஓடுச்சு, தோத்தவங்க படம் ஓடலை. எல்லையில் இதைத் தினமும் பார்க்கலாம். 1967-லிருந்து கேரளத்தில் லாட்டரி அரசாங்கத் தொழில், 2003-லிருந்து தமிழ்நாட்டில் தடை. களியக்காவிளையில் குற்றம், பாறசாலையில் அதிர்ஷ்டம்! பேப்பரில் வர்றது பம்பர் அடிச்சவர் முகம் மட்டும்தான். ஆன்லைன் ரம்மியும் அப்படித்தான் வீடுகளுக்குள் வந்துச்சு. ரெண்டு மாநிலமும் தடை போட்டு, கோர்ட்டுக்குப் போய், கடைசியில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டைத் தடை செஞ்சுது. அதுக்குள் எத்தனை வீட்டில் நகை போச்சோ.

அதனால பிள்ளைங்களோட அந்த வீடியோவைப் பாருங்க, தப்பில்லை. ஆனா மணிமேக்கர் கையை ஒரு அட்டையால் மறைச்சுட்டுப் பாருங்க. "இப்ப நீ ஃபார்ஹா, என்ன செய்வே?"ன்னு கேளுங்க. பதில் எதுவானாலும் சரி, காரணம் கேளுங்க. காரணம் சொன்ன பிறகு அட்டையை எடுங்க.