பனையா, ஆலையா என்று பல் கேட்காது

வெள்ளைச் சர்க்கரைதான் பல்லை அரிக்குமாம். கருப்பட்டி இயற்கையானதால் எத்தனை முறை தின்றாலும் பல்லுக்கு உரமாம். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். வாயிலுள்ள பாக்டீரியா அதன் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை, தின்று அமிலமாக்கிவிடும். வாயின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அதை உமிழ்நீர் சரிசெய்ய அரைமணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த துண்டைக் கடித்தால்?

எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை என்பதே பெரிது. 1940களில் ஸ்வீடனின் விப்பேஹோல்ம் மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடுடையோருக்கு ஒட்டும் டாஃபி கொடுத்துப் பார்த்தார்கள் (வெட்கக்கேடான ஆய்வு). சாப்பாட்டோடு உண்ட இனிப்பைவிட, இடையிடையே மென்றதுதான் பற்களைச் சூறையாடியது.

கருப்பட்டிக்காக வாதாடுவோர் தாத்தா பாட்டிகளின் பல்லைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பொக்கை வாய்க்காக வெற்றிலை இடித்த அந்தச் சிற்றுரல் பிறகு யாருடையது?

கருப்பட்டி பிடிக்குமென்றால் சாப்பாட்டோடு தின்று, வாயைக் கொப்பளியுங்கள். மாலைப் பசிக்கு வேர்க்கடலையும் உப்பு மோரும் போதும். ஃப்ளூரைடு பற்பசையை மட்டும் கருப்பட்டி பல்லுக்கு உரம் என்ற வாதத்தை நம்பித் தூக்கியெறிந்துவிடாதீர்கள்.