போலீஸ் படங்களும் நமது கைதட்டலும்

சினிமாவைப் பற்றி நாம் தலையங்கம் எழுதப் புகுந்ததைக் கண்டு சில தோழர்கள் ஆச்சரியப்படக்கூடும். நாட்டில் எவ்வளவோ முக்கியமான விஷயங்கள் இருக்க, நடிகர்கள் துப்பாக்கி பிடிப்பதைப் பற்றி எழுத வேண்டுமா என்றும் கேட்கக்கூடும். நமது பத்திரிகையைப் படிப்பவர்கள் சில ஆயிரம் பேர். ஒரு பெரிய நடிகரின் சண்டைப் படத்தைப் பார்ப்பவர்களோ பல லட்சம் பேர். நாம் வாரந்தோறும் முட்டி மோதிக்கொண்டு சொல்லுவதைப் படிப்பவர் பாதி மறந்துவிடுகின்றார். இருட்டில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் பார்த்ததையோ சின்னப் பையனும் மறப்பதில்லை. ஆதலால் அங்கே என்ன போதிக்கப்படுகின்றது என்று பார்ப்பது நம் வேலையே ஒழிய, வேறொருவர் வேலையல்ல.

சென்ற சில வாரங்களாக நமது ஊர்ப் படிப்பகத்தில் தோழர்கள் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஞாயிறு மாலைதோறும் சண்டைப் படங்களையும் துப்பறியும் படங்களையும் காட்டி வந்தார்கள். நாமும் தவறாமல் போய் உட்கார்ந்தோம். பெரியவர்களும் சிறுவர்களுமாக நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். பார்த்தவைகளைப் பற்றி நமக்குத் தோன்றிய அபிப்பிராயங்களை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சண்டைக் காட்சியே கூடாது என்று சொல்லும் சந்நியாசிகள் அல்ல நாம். நாளெல்லாம் உழைத்தவன் சிறிது நேரம் விறுவிறுப்பை விரும்பினால் அது குற்றமல்ல. 2023ல் வந்த ‘ஜெயிலர்’ படத்தில் தலை துண்டாகி விழும்போது நம் பக்கத்தில் இருந்த சிறுவன் விசிலடித்தது நமக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மையே. என்றாலும் ரத்தத்தின் அளவைப் பற்றி இங்கு நாம் பேசவில்லை. நாம் பேசுவது வேறு. திரையில் ஒருவனைச் சுடும்போது, அவன் சுடப்பட வேண்டியவன் என்று நமக்கு எப்படித் தெரிந்தது என்பதே நம் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு எழுந்தது 2024 அக்டோபரில் வெளிவந்த ‘வேட்டையன்’ படத்தைப் பார்த்தபோதாகும். ரஜினிகாந்த் அதில் ‘என்கவுண்டர்’ செய்வதில் பேர்போன போலீஸ் சூப்பிரண்டு. ஒரு நல்ல பள்ளி ஆசிரியை கொடுமைப்படுத்தப்பட்டுக் கொல்லப்படுகின்றாள். ஊரெல்லாம் கொதிக்கின்றது. ஒரு வாலிபன்மேல் குற்றம் சாட்டப்படுகின்றது. சூப்பிரண்டு வந்து அவனைச் சுட்டுத் தள்ளுகின்றார். நமது படிப்பகம் அதிர்ந்து போகும்படி கைதட்டல் கேட்டது. நாமும் கை தட்டினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. முப்பது வருஷமாக “எதையும் ஆதாரம் கேட்காமல் நம்பாதே” என்று மேடை ஏறிச் சொல்லி வருகின்ற நாம், அந்த நிமிஷத்தில் எந்த ஆதாரமும் கேட்கவில்லை.

அப்புறம் படத்தில் அமிதாப் பச்சன் ஜட்ஜாக வந்து விசாரிக்கின்றார். சுடப்பட்ட வாலிபன் குற்றமற்றவன் என்று தெரிய வருகின்றது. படிப்பகத்தில் ஒரு சத்தமும் இல்லை. கை தட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்ளுவது என்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். இந்த ஒரு காரியத்துக்காகவே டைரக்டர் த.செ. ஞானவேலைப் பாராட்டுகின்றோம். ஆனால் அவர் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். இது தப்பு என்று பிற்பாதியில் சொல்லப் போகின்றவர், முற்பாதியில் அதே சுடுதலை மேளதாளத்தோடு அலங்கரித்து, பார்க்கிறவன் நாவில் தேன் தடவுவானேன்? கள்ளுக்கடை வாசலில் நின்று குடியின் தீமையைப் பேசுவதைப் போல் இருக்கின்றது. நடிகரின் பெருமையும் குறையக்கூடாது, நியாயமும் பேச வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். வீட்டுக்குப் போகும்போது பையன்கள் ஜட்ஜைப் போல் நடந்து காட்டவில்லை, சூப்பிரண்டைப் போல்தான் நடந்து காட்டினார்கள்.

“இது வெறும் சினிமாதானே, ஏன் இவ்வளவு கவலை?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சினிமா அல்லாத ஒன்றைச் சொல்லுகின்றோம். 2019 நவம்பரில் ஹைதராபாத்துக்கு அருகே ஒரு பெண் கால்நடை டாக்டர் மிகக் கொடுமையான முறையில் கொல்லப்பட்டார். அதைக் கேட்டு மனம் பதறாதவன் மனிதனல்ல. டிசம்பர் 6ந்தேதி விடியற்காலையில், குற்றஞ்சாட்டப்பட்டுக் காவலில் இருந்த நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் போலீசார்மீது பூத்தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு சுப்ரீம் கோர்ட்டு நியமித்த சிர்புர்க்கர் கமிஷனின் அறிக்கை 2022ல் வெளிவந்தது. சாகடிக்கும் எண்ணத்தோடேயே சுட்டார்கள் என்றும், சுடப்பட்டவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும், பத்துப் போலீஸ்காரர்கள்மீது கொலைக் குற்றத்திற்கு விசாரணை நடக்க வேண்டும் என்றும் அது சொல்லிற்று. அந்த நால்வரும் குற்றவாளிகளா, அல்லவா? இனி உலகத்தில் எந்தக் கோர்ட்டும் அதைச் சொல்ல முடியாது. ஒருவேளை அவர்கள் அல்லவென்றால், உண்மையான குற்றவாளி அந்தப் பூத்தூவலைப் பார்த்துச் சிரித்திருப்பான் அல்லவா? ஆகவே சுட்டுத் தள்ளியதால் அந்தப் பெண்ணுக்குக்கூட நியாயம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

இந்தப் பூத்தூவும் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? சினிமா அதைப் புதிதாக உண்டாக்கிவிடவில்லை. துஷ்டன் ஒருவன் பிறப்பான். அவனை வதம் செய்ய மேலேயிருந்து ஒருவர் இறங்கி வருவார். வதம் முடிந்ததும் பூமாரி பொழியும். இந்தக் கதையைத் தொட்டிலிலிருந்தே கேட்டு வந்தவர்கள் நாம். அந்தத் துஷ்டன் செய்தது என்ன, சாட்சி யார், அவன் தரப்பில் சொல்லுவதற்கு ஏதாவது உண்டா என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. இப்போது சங்கு சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் காக்கிச் சட்டையைப் போட்டு அனுப்பியிருக்கின்றார்கள். ‘காக்க காக்க’ முதல் ‘சிங்கம்’ வரை எத்தனை படங்களில் பார்த்தாயிற்று! சட்டம் குறுக்கே நிற்கும் முட்டுக்கட்டை, மனித உரிமை பேசுகிறவன் கைக்கூலி, வக்கீல் அயோக்கியன், ஜட்ஜு கையாலாகாதவர், போலீஸ் அதிகாரி ஒருவரே சத்தியவான். பம்பாய் ஐகோர்ட்டு ஜட்ஜு கௌதம் பட்டேல் 2023ல் ஒரு கூட்டத்தில் ‘சிங்கம்’ போன்ற படங்கள் மிகவும் கெடுதலான பாடத்தைப் போதிக்கின்றன என்று பேசியதை நாம் முழு மனதோடு ஆதரிக்கின்றோம்.

தமிழ்ச் ‘சிங்கம்’ படத்தை எடுத்த டைரக்டர் ஹரியே இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கின்றார். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையை மூடவில்லை என்று சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட தகப்பனும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். அப்போது அவர், போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். இந்தத் துணிவு எல்லோருக்கும் வராது. அவரைப் பாராட்டுகின்றோம். ஆனால் நம் கண்ணில் அந்தச் சம்பவத்தின் வீரர் வேறொருவர். அதே போலீஸ் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், தன்னைச் சுற்றிலும் சக போலீசார் இருக்க, இரவெல்லாம் நடந்ததை மாஜிஸ்ட்ரேட்டிடம் கண்டபடியே சொன்னார். அவர் துப்பாக்கி எடுக்கவில்லை; பத்துப் பேரைப் பறக்கவிட்டு அடிக்கவில்லை; உண்மையைச் சொன்னார். அதுவல்லவா வீரம்? அதற்குப் பிறகும் 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணவில்லை என்ற ஒரு புகாருக்காக ஒரு கோயில் காவலாளி போலீசாரால் அடிபட்டுச் செத்தார். ஆதலால் இதைப் பழங்கதை என்று யாரும் தள்ளிவிட முடியாது.

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லுகின்றோம். நமது வாலிப வயதில், நாம் இருந்த தெருவில் ஒரு வியாபாரியின் சைக்கிள் காணாமற் போயிற்று. கடையில் எடுபிடி வேலை செய்த பையனை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து “நான்தான் எடுத்தேன்” என்று அவன் சொன்னதாகச் சொன்னார்கள். தெரு முழுவதும் “நமக்கு அப்போதே தெரியும்” என்றது. நாமும் தெருவோடு சேர்ந்து அதையே சொன்னோம். ஒரு மாதத்துக்குப் பின் அந்தச் சைக்கிள் வியாபாரியின் மைத்துனன் வீட்டுக் கொல்லையில் இருந்தது. பையனின் வலது கை விரல்கள் இரண்டு அதற்குப் பிறகு மடங்கவேயில்லை. அடித்தால் சைக்கிளைத் திருடாதவனும் ஒப்புக்கொள்ளுவான், நிலவைத் திருடினாயா என்றாலும் ஒப்புக்கொள்ளுவான். இது தெரிந்துதான் 1872ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே, போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது என்று எழுதி வைத்தார்கள். 2024ல் வந்த புதுச் சட்டமும் அதை எடுத்துவிடவில்லை. பிடித்தவனை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு. என்கவுண்டரில் ஒருவன் செத்தால் வேறு போலீசாரோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், சுட்டவருக்கு உடனே பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2014ல் விதித்தது. நமது சினிமாவிலோ கடைசிக் காட்சியே பதக்கம்தான்!

“கோர்ட்டில் வழக்கு இருபது வருஷம் இழுக்கின்றதே, பணக்காரன் தப்பிவிடுகின்றானே, அதனால்தானே சுடச் சொல்லுகின்றோம்?” என்று சில தோழர்கள் கேட்கின்றார்கள். வழக்கு இழுப்பது உண்மை. பணக்காரன் தப்புவதும் உண்மை. ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் நிற்பவன் யார்? எந்த மில் முதலாளியாவது, எந்த மந்திரி மகனாவது விடியற்காலையில் தப்பி ஓடும்போது சுடப்பட்டதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? கோர்ட்டில் பணக்காரன் தப்புகின்றான் என்றால், கோர்ட்டே இல்லாத இடத்தில் அவன் இன்னும் சுலபமாகத் தப்புவான். கோர்ட்டு மெதுவாக நடந்தால் ஜட்ஜுகளை அதிகப்படுத்து என்று சர்க்காரைக் கேட்பதா, விசாரணையே வேண்டாம் என்பதா? வைத்தியர் வரத் தாமதமாகின்றது என்று நோயாளியைப் புதைத்துவிடுவார்களா?

இவ்வளவும் சொன்னதால் நல்ல படமே இல்லை என்று சொல்லவில்லை. வெற்றிமாறனின் ‘விசாரணை’யை மறுபடியும் பார்த்தோம். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், பிழைக்கப் போன இடத்தில் தாம் பட்ட அடியை ‘லாக்கப்’ என்று புத்தகமாக எழுதினார். அதிலிருந்து பிறந்தது இந்தப் படம். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி கூலியாட்களை அடிக்கின்றார்கள். அந்தக் காட்சியில் ஒருவரும் விசிலடிக்கவில்லை. அடி ஒன்றுதான், ஆனால் கேமரா அடிக்கிறவன் பக்கத்தில் நின்றால் வீரம், அடிபடுகிறவன் பக்கத்தில் நின்றால் கொடுமை. இதைத் தெரிந்துகொண்டால் பாதி சினிமா புரிந்துவிடும்.

ஞானவேலே 2021ல் எடுத்த ‘ஜெய் பீம்’ படமும் அப்படியே. இன்றைய கடலூர் மாவட்டத்தில் 1993ல் நடந்த உண்மைச் சம்பவம் அது. பிற்காலத்தில் ஐகோர்ட்டு ஜட்ஜாக இருந்த சந்துரு, வக்கீலாக நடத்திய வழக்கு. அதில் ஆயுதம் துப்பாக்கியல்ல, ஆட்கொணர்வு மனு என்கின்ற ஒரு காகிதம். சமாதானத்துக்குப் பணம் கொடுக்க முன்வந்த அதிகாரியிடம், எழுத்து வாசனையில்லாத அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லுகின்ற இடத்தில் நமது படிப்பகத்தில் கேட்ட கைதட்டலுக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

துப்புத் தேடுவது சுவையாக இராது என்பதும் பொய். 1954லேயே எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ என்று ஒரு படம் எடுத்தார். பாட்டில்லை, நாட்டியமில்லை, சண்டையுமில்லை. ஒரு கொலை, சந்தேகப்படத்தக்கவர்கள் சிலர், ஒவ்வொருவரும் சொல்லுவதைக் கேட்டு எடைபோட வேண்டும். அவ்வளவுதான். எழுபது வருஷத்துக்குப் பின்னும் நமது படிப்பகத்தில் ஒருவரும் நடுவில் எழுந்து போகவில்லை. 2023ல் வந்த ‘போர் தொழில்’ படத்தில், புத்தகம் படித்துப் பயந்த சுபாவத்தோடு வரும் இளைஞன், அனுபவம் பேசும் மேலதிகாரியோடு சேர்ந்து தடயத்தை ஒவ்வொன்றாகத் தேடிப் போவது எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தது!

தோழர்களே! படம் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள். ஆனால் திரையில் ஒருவன் சுடப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவன்தான் செய்தான் என்பதற்கு ஆதாரம் என்ன? இவன் தரப்பை யார் கேட்டார்கள்? இவன் இடத்தில் என் பிள்ளை நின்றால் நான் கை தட்டுவேனா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கை தட்டுவதானால் தட்டுங்கள். நாம் இனி அப்படித்தான் செய்யப் போகின்றோம். ஏனென்றால் நமது கைதட்டல் வெறும் சத்தமல்ல. அதை எண்ணித்தான் அடுத்த படம் எடுக்கின்றார்கள். அதை நம்பித்தான் எங்கேயோ ஒரு போலீஸ் நிலையத்தில் ஒருவன் லத்தியை ஓங்குகின்றான்.