கைக்கேற்ற கத்தி

சாரல் காலத்தில் குற்றாலம் போய்த் திரும்புகிறவர்களின் கையில் ஒரு மங்குஸ்தான் பை இருக்கும். ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் குடியிருக்கும் எங்களுக்கும் அந்த வழக்கம் உண்டு. தடித்த தோலின் நடுவே கத்தியைச் சுற்றிலும் ஓட்டித் திருகினால், மேல் பாதி கழன்று வெண்சுளைகள் கிண்ணத்தில் வைத்தாற்போல் இருக்கும். எங்கள் வீட்டில் இவ்வேலை எப்போதும் என் தந்தையாருடையது. இலஞ்சியில் வயல் செய்தவர். அவர் உள்ளங்கையில் மங்குஸ்தானை வைத்து விரல்களை மூடினால் பழம் இருப்பதே தெரியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சாரல் நாளில், நான் கடைவீதியில் வாங்கித் தந்திருந்த சிறிய மடக்குக் கத்தி, தோலை அழுத்தும்போது மடங்கி அவரது ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. இரண்டு தையல். அதன்பின் பழப்பையை என் பக்கம் தள்ளிவைத்து, “நீயே வெட்டுடே” என்று சொல்லத் தொடங்கினார். வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் எண்ணிக்கொண்டோம். அவரும் அப்படியே எண்ணிக்கொண்டார் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

என் கையும் அவர் கையின் அச்சுதான். அதே கத்தியை நான் பிடித்தபோது செய்தி விளங்கிற்று. கைப்பிடியைப் பற்ற இடம் கிடைத்தது மூன்று விரல்களுக்கு மட்டுமே. சுண்டுவிரல் வெளியில் தொங்கியது. அழுத்தம் கொடுத்தால் கத்தி உள்ளங்கைக்குள் திரும்பியது. திரும்பாமலிருக்க இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இறுக்கிப் பிடிக்கும் கை விரைவில் சோர்ந்துபோகும், சோர்ந்த கை வழுக்கும். தவறு கிழவரின் கையில் இல்லை, அக்கத்தியை வாங்கிய என்னிடம் இருந்தது.

சிறிய கத்தி பாதுகாப்பானது, சிறியதுதான் எடை குறைந்தது என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். நானும் அப்படி நம்பித்தான் வாங்கினேன். பெரிய கைகளைப் பொறுத்தவரை இவ்விரண்டு நம்பிக்கைகளும் பிழையானவை என்பது என் துணிபு.

கடையில் கத்தியை வாங்குகிறவர் முதலில் விரித்துப் பார்ப்பது அலகை. பார்க்க வேண்டியது கைப்பிடியை. கைக்கருவிகளைப் பற்றிய நூல்கள் கைப்பிடிக்குக் குறைந்தது 10 செ.மீ. நீளம் வேண்டும் என்றும், 12 செ.மீ. அளவில் இருந்தால் நன்று என்றும் கூறுகின்றன. நான்கு விரல்களின் அகலமும் சிறிது இடைவெளியும் சேர்ந்த கணக்கு அது. உலகெங்கும் பெயர்பெற்ற சுவிஸ் சிவப்புக் கத்தியின் வழக்கமான அளவு 91 மில்லிமீட்டர். 1897இல் கார்ல் எல்செனர் அதிகாரிகளுக்கென்று வடிவமைத்த கத்தியின் வழிவந்தது அது. சிறப்பான பொருள்தான். ஆனால் என் தந்தையாரைப் போன்றவர்களின் கைக்கு ஒரு விரல் குறையும். அதே நிறுவனம் 111 மில்லிமீட்டர் அளவிலும் கத்திகள் செய்கிறது. ஒருவேளை இக்குறை அவர்களுக்கும் தெரிந்திருக்கலாம்.

எடைக்கு வருவோம். மடக்குக் கத்தியின் எடையைக் கூட்டுவது பெரும்பாலும் நீளமன்று. கைப்பிடிக்குள் இருக்கும் உலோகத் தகடுகளும், நாம் ஆண்டுக்கொரு முறைகூடப் பயன்படுத்தாத திருப்புளி, தக்கை திருகி முதலியவையுமே. இரண்டு அலகுகளும் சில துணைக்கருவிகளும் உள்ள 91 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தி ஏறத்தாழ 60 கிராம். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்பட்டுவரும் ஒப்பினெல் கத்தியின் 8ஆம் எண், 11 செ.மீ. மரக்கைப்பிடியும் 8.5 செ.மீ. அலகும் கொண்டது. எடை 45 கிராம் அளவே. பெரியது இலேசாகவும் சிறியது கனமாகவும் இருக்கும் இந்த விந்தைக்குக் காரணம், ஒன்று வெறும் மரமும் ஓர் அலகும் என்பதே.

பூட்டு அடுத்தது. பட்டைவில்லின் இறுக்கத்தை மட்டுமே நம்பி நிற்கும் அலகு, எதிர்த்திசையில் அழுத்தம் பட்டால் மடங்கிவிடும். என் தந்தையாரின் விரலில் நடந்தது இதுதான். ஒப்பினெலில் 1955 முதல் ஒரு சுழல்வளையம் அலகைப் பூட்டுகிறது. வேறு கத்திகளில் வேறு பூட்டுகள் உண்டு. எதுவாயினும் பூட்டு வேண்டும். திறப்பதற்கு அலகில் உள்ள நகக்குழியையும் கவனிக்க வேண்டும். தடித்த பெருவிரல்களுக்கு ஆழமற்ற நகக்குழி ஒரு சோதனை.

நகக்குழி என்றதும் தமிழ் வாசகனுக்கு ஓலையும் எழுத்தாணியும் நினைவுக்கு வராமல் இராது. ஏடெழுதுவோர் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் குழி செய்து, எழுத்தாணியை அதில் தாங்கி எழுதினார்கள். அங்கே குழி நகத்தில், இங்கே கருவியில். எழுத்தாணி வகைகளுள் மடக்கெழுத்தாணி என்று ஒன்றுண்டு. ஒரு முனையில் ஓலை நறுக்கும் கத்தி, மறுமுனையில் எழுத்தாணி, இரண்டையும் மடக்கி வைக்க நடுவில் கைப்பிடி. பேனாக்கத்தி என்று நாம் சொல்வது இறகுப் பேனாவைச் சீவ ஐரோப்பியர் வைத்திருந்த கத்தியின் பெயர்; அந்த வேலைக்கு நிகரான வேலையை நம்மிடம் மடக்கெழுத்தாணியின் கத்தி முனை செய்துவந்தது. தென்காசியை அடுத்த மேலகரத்தில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய 18ஆம் நூற்றாண்டு அத்தகைய கருவிகளின் காலம். அவற்றைக் கொல்லர் செய்தார், கேட்டவரின் கையைப் பார்த்துச் செய்ய முடிந்தது. பனையேறிகளின் பாளை அரிவாள் அவ்வாறு செய்யப்பட்ட கருவிதான். இன்று ஓர் அளவில் ஆயிரம் கத்திகள் வருகின்றன. ஆகவே பொருத்திப் பார்க்கும் பொறுப்பு கொல்லரிடமிருந்து வாங்குகிறவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பழமையை ஏத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பழைய இரும்பு கனமானது. இன்றைய இலேசும் பூட்டும் அன்று எளிதில் கிட்டியிருக்காது.

சற்றுப் பெரிய கத்தியைப் பையில் வைத்திருந்தால் காவல்துறையினர் பிடிப்பார்களோ என்று நண்பர் ஒருவர் அஞ்சினார். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தை ஒட்டிய விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றியே பேசுகின்றன. அவற்றிலும் வீட்டுக்கும் உழவுக்கும் ஆனவற்றுக்கு விலக்குண்டு. நாம் பேசுவது நான்கங்குல அலகை. விமானத்தில் கையோடு கொண்டுபோக மட்டும் கூடாது.

இறுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த மாணவர் ஒருவர் வழியாக 13 செ.மீ. மரக்கைப்பிடி உள்ள ஒப்பினெல் 10ஆம் எண் கத்தியைத் தருவித்தேன். துருப்பிடிக்காத எஃகு அலகு. பழச்சாறும் சாரல் ஈரமும் சாதாரண எஃகை விரைவில் கறுக்கச் செய்துவிடும். குறையும் ஒன்றுண்டு. ஈரம் பட்டால் மரம் பருத்து, அலகைக் கவ்விக்கொள்ளும். வெயில் நாட்டுக்குப் பொருத்தமானது ஆனிச் சாரலுக்குத் தொல்லை தரும். துடைத்து உலர்த்தி வைப்பதும் அச்சாணியில் துளி எண்ணெய் விடுவதும் தவிர வேறு வழியில்லை. இத்தொல்லை வேண்டாதவர்கள் நைலான் கைப்பிடியும் பூட்டும் உள்ள எளிய கத்தி ஒன்றைத் தேடலாம். பெயரைவிட அளவு முக்கியம். கடையில் விரித்து, நான்கு விரல்களாலும் பிடித்து, சுண்டுவிரல் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

இந்த ஆனியில் எதிர்பார்த்தபடியே கத்தி இறுகிக்கொண்டது. நான் நகத்தால் இழுத்துத் தோற்றேன். தந்தையார் அதை வாங்கி, கைப்பிடியின் அடியைத் திண்ணை ஓரத்தில் ஒருமுறை தட்டினார். அலகின் தலை சற்றே வெளியே வந்தது. சவோய் உழவர்களும் இப்படித்தான் தட்டித் திறப்பார்கள் என்று பிறகு அவரிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளையத்தைத் திருகிப் பூட்டிவிட்டுப் பழப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.